எவ்வுலோகத்திற்கு எம்முறைப் பற்றவைப்பு? திருவனந்தபுரத்து ராக்கெட் பணிமனைகளின் அனுபவம்

திருவனந்தபுரம் நகரை அடுத்த தும்பாக் கடற்கரையிலிருந்து 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் விண்ணில் செலுத்தப்பட்ட முதல் ராக்கெட், அமெரிக்காவில் செய்யப்பட்ட நைக்-அப்பாச்சி ஆகும். அதனைப் பொருத்தி ஏவும் பணி மட்டுமே இங்கு நடைபெற்றது. கடலோரத்து மேரி மகதலேனா தேவாலயமே அந்நாளில் அலுவலகமாக விளங்கியது. ராக்கெட்டின் உலோகக் கூடு எந்த எஃகினால் ஆனது, அதன் மூட்டுகள் எம்முறையில் பற்றவைக்கப்பட்டன என்னும் வினாக்களுக்கு அன்று இடமில்லை. நம் நாட்டிலேயே ராக்கெட் கட்டுவது என்று தீர்மானிக்கப்பட்ட பின்னரே அவ்வினாக்கள் எழுந்தன; எழுந்த பின் பல்லாண்டுகள் ஓயவில்லை.

பட்டறைகளில் வெல்டிங் என்று வழங்கும் பற்றவைப்புத் தொழிலில், முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் இயந்திரத்திடமே விடப்பட்டிருக்கிறது. பட்டறையில் உள்ள இயந்திரம் எதுவோ, அதுவே எல்லா வேலைக்கும் பயன்படுகிறது. சன்னல் கம்பியும் வாசல் கதவும் செய்யும் வரையில் இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. காரணம், கரி மிகக் குறைந்த மென் எஃகு பொறுமை மிக்க உலோகம். ராடு சற்றே ஈரமாக இருப்பினும், கை சற்றே நடுங்கினும் அது பொறுத்துக்கொள்ளும். அப்பொறுமை ஏனைய உலோகங்களுக்கு இல்லை.

பற்றவைக்கும்போது உலோகத்தில் நிகழ்வது என்ன என்பதை முதலில் நோக்க வேண்டும். மூட்டின் நடுவே சிறிதளவு உலோகம் உருகி மீண்டும் உறைகிறது. அது வார்ப்படத்திற்கு ஒப்பானது. அதன் இரு மருங்கிலும் உருகாமல், ஆனால் கடுமையாகச் சூடேறி ஆறிய ஒரு குறுகிய பட்டை உண்டாகிறது. தாய் உலோகத்திற்கு ஆலையில் எத்தகைய பக்குவம் தரப்பட்டிருந்தாலும் இப்பட்டையில் அது மாறிவிடும். மேலும், உருகிய பகுதி ஆறிச் சுருங்கும்போது சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆகவே மூட்டுக்குள் ஓர் இழுவிசை நிலையாகத் தங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் மணிவரிசை எவ்வளவு அழகாக இருந்தாலும், மூட்டின் ஆயுள் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பட்டையையும் அந்த இழுவிசையையும் பொறுத்தது.

எஃகு வகைகளில் தொல்லையின் முதற்காரணம் கரி. வெப்பம் தாக்கிய பட்டை விரைந்து ஆறினால், கரி மிகுந்த எஃகு கண்ணாடி போல் கடினமாகி நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜனும் சேர்ந்துவிட்டால், பற்றவைத்துப் பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் தோன்றும். மாலையில் சரி பார்த்து அனுப்பிய வேலை மறுநாள் காலையில் பிளந்திருப்பதன் இரகசியம் இதுவே. பன்னாட்டுப் பற்றவைப்புக் கழகம் பரிந்துரைத்த 'கரிச் சமன்' என்னும் கணக்கு இதற்காகவே எழுந்தது. கரியின் அளவோடு மாங்கனீசில் ஆறில் ஒரு பங்கு. குரோமியம், மாலிப்டினம், வனேடியம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. நிக்கல், செம்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகியவற்றைக் கூட்டினால் ஓர் எண் கிடைக்கும். அது ஏறத்தாழ 0.4-க்கு உட்பட்டிருந்தால் அச்சமின்றிப் பற்றவைக்கலாம். மேலே சென்றால் முன்கூட்டியே சூடேற்றுதல், உலர்த்திய ராடு, மெதுவான ஆற்றல் ஆகியவை தேவைப்படும்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரின் கிங் தெருப் பாலம் 1962 ஜூலை 10-ஆம் நாள் 45 டன் எடையுள்ள ஒரு சரக்கு வண்டியின் கீழ் முறிந்து தாழ்ந்தது. திறந்து ஓராண்டு அளவே ஆகியிருந்த பாலம் அது. உயிர்ச்சேதம் இல்லை. உத்தரங்களின் அடிப்பட்டையில் மேல்தகடுகளைப் பற்றவைத்த இடங்களில் விரிசல்கள் காணப்பட்டன. அவற்றுட் சில, உத்தரம் தொழிற்சாலையில் இருந்தபோதே உண்டானவை. விரிசலுக்குள் வர்ணம் புகுந்திருந்ததே சாட்சி. வழக்கத்திற்கு மேற்பட்ட வலிமை கொண்ட எஃகை, வழக்கமான எஃகைப் போலவே பற்றவைத்ததன் விளைவு அது.

இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவூர்தியாகிய எஸ்.எல்.வி.-3, 1980 ஜூலை 18-ஆம் நாள் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் செலுத்தியது. அதன் முதற்கட்டத்தின் கூடு 15 சி.டி.வி. 6 என்னும் எஃகினால் ஆனது. பெயர் பிரெஞ்சு மரபைச் சார்ந்தது: 15 என்பது 0.15 விழுக்காடு கரி. எழுத்துகள் குரோமியம், மாலிப்டினம், வனேடியம். இறுதி எண் ஆறினை நான்கால் வகுத்தால் வருவது குரோமியத்தின் விழுக்காடு. மேற்கூறிய கணக்கில் இதனை இட்டால் விடை ஏறத்தாழ 0.8 ஆகிறது. ஏட்டின்படி இது பற்றவைப்பதற்கு அஞ்ச வேண்டிய எஃகு. ஆயினும் டங்ஸ்டன் மின்வாயும் ஆர்கான் வாயுக் காப்பும் கொண்ட 'டிக்' முறையில் இது செவ்வையாகப் பற்றவைபடுகிறது. உண்மையில் கரி குறைவாக இருப்பதால், கடினமடைந்த பட்டையும் நொறுங்கும் அளவுக்குச் செல்வதில்லை. இளக்கியும் கசடும் இல்லாத டிக் முறையில் ஹைட்ரஜன் நுழைய வழியும் மிகக் குறைவு. உலோகமும் முறையும் ஒன்றுக்கொன்று துணை நின்றன.

பி.எஸ்.எல்.வி.யின் முதற்கட்டத்திற்கு வந்தபோது அந்த எஃகும் போதவில்லை. 2.8 மீட்டர் குறுக்களவு, ஐந்து துண்டங்கள், உள்ளே ஏறத்தாழ 139 டன் திட எரிபொருள். இவற்றைத் தாங்கும் கூட்டின் கனமோ சுமார் 8 மில்லிமீட்டர் மட்டுமே. இதற்கென விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தினர் தெரிவு செய்தது 'மாரேஜிங் எஃகு' எம் 250. இதில் நிக்கல் 18 விழுக்காடு, கோபால்ட் சுமார் 8, மாலிப்டினம் சுமார் 5, சிறிதளவு டைட்டானியம், கரி 0.03 விழுக்காட்டிற்கும் மிகாது. கரிச் சமன் கணக்கில் இதனை இடுவோருக்கு விடை 2-ஐயும் தாண்டிவிடும். அக்கணக்கை மட்டும் நம்பியவர் இந்த எஃகைத் தொடவே மாட்டார். ஆனால் மாரேஜிங் எஃகை முன்சூடு ஏதுமின்றிப் பற்றவைக்கலாம்! இதன் வலிமை கரியால் வருவதன்று. ஆறிய நிலையில் இது மிருதுவாகவே இருக்கும். பின்னர் சுமார் 480 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் வைத்தால், உள்ளே நுண்ணிய சேர்மத் துகள்கள் பிரிந்து வலிமை வெகுவாகக் கூடுகிறது. வளைப்பது, கடைவது, பற்றவைப்பது எல்லாம் மிருதுவான நிலையில் முடிந்துவிடும். முழுத் துண்டமும் இறுதியில் உலையில் முதிர்வு பெறும். அவ்வெப்பம் மிகாததால் கூடு கோணுவதும் மிகக் குறைவு. கணக்கு கரி-மாங்கனீசு எஃகுகளுக்காக வகுக்கப்பட்டது. அதனை அதன் எல்லைக்குள் வைத்தே பயன்படுத்த வேண்டும் என்பது கைநூல்களில் சிறிய எழுத்தில் அச்சிடப்படுவதால் பலர் கண்ணிற் படுவதில்லை.

முன்சூடு தேவையில்லை என்பதால் எம்முறையும் ஏற்கும் என்று கொள்ளலாகாது. அமெரிக்காவில் 260 அங்குலக் குறுக்களவுள்ள, அதாவது 6.6 மீட்டர் அகலமான, ஒரு மாபெரும் ராக்கெட் கூடு இதே 250 தர எஃகினால் செய்யப்பட்டது. கனமான மூட்டுகளை விரைவாக முடிக்கும் பொருட்டு, இளக்கித் தூளுக்குள் மின்வில் மறைந்து எரியும் 'சப்மெர்ஜ்டு ஆர்க்' முறை கையாளப்பட்டது. 1965 ஏப்ரலில் நீரை நிரப்பி அழுத்தச் சோதனை செய்தபோது, குறித்த சோதனை அழுத்தத்தில் பாதியைச் சற்றே கடந்த நிலையில் கூடு வெடித்துச் சிதறியது. பற்றவைப்பில் இருந்த சிறு குறைகளிலிருந்தே முறிவு தொடங்கியது தெரியவந்தது. அம்முறை ஒரே நேரத்தில் மிகுந்த வெப்பத்தை உலோகத்தில் கொட்டுகிறது. மாரேஜிங் எஃகில் அது டைட்டானியமும் மாலிப்டினமும் ஓரிடத்தில் குவியவும், மூட்டு மெதுவாக உறைந்து முரட்டு மணிகள் உண்டாகவும் வழி செய்கிறது. வலிமை ஓரளவு நின்றாலும் விரிசலைத் தடுத்து நிறுத்தும் திறன் வீழ்ந்துவிடுகிறது. அதே காலத்தில் போட்டி நிறுவனம் ஒன்று, சற்று வலிமை குறைந்த 200 தர எஃகை எடுத்து, டிக் முறையில் பொறுமையாகப் பற்றவைத்து, அதே அளவுள்ள கூடுகளை வெற்றிகரமாக எரியூட்டிக் காட்டியது.

இதனால் சப்மெர்ஜ்டு ஆர்க் முறை தாழ்ந்தது என்று யாரும் கருத வேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தார் கொதிகலன் உருளைகளுக்கு அம்முறையையே கையாளுகின்றனர். அங்கே தகடு மிகத் தடிப்பானது; உலோகம் அவ்வெப்பத்தைத் தாங்கக்கூடிய கொதிகலன் எஃகு; முன்சூடும் பின்னர் இழுவிசை தணிக்கும் வெப்பப் பக்குவமும் உண்டு. அந்த வேலையை டிக் முறையில் செய்யப் புகுந்தால் நாட்கள் வாரங்களாகிவிடும். திருச்சிக்கு ஏற்றது தும்பாவுக்கு ஏலாது. தும்பாவுக்கு ஏற்றது திருச்சிக்குக் கட்டுப்படியாகாது.

எம் 250 எஃகை ஐதராபாத்தின் மிதானி ஆலை உருக்கியது. ரூர்கேலாவில் தகடாக உருட்டப்பட்டது. வால்சந்த்நகர், லார்சன் அண்டு டூப்ரோ போன்ற தனியார் தொழிற்சாலைகள் துண்டங்களைப் பற்றவைத்தன. ஒவ்வோர் அடுக்கும் இடப்படும் முன் கீழ் அடுக்கு ஆறியிருக்க வேண்டும். நிரப்புக் கம்பி தூசியும் எண்ணெயும் படாதிருக்க வேண்டும். மூட்டு முழுவதும் எக்ஸ் கதிராலும் மீயொலியாலும் ஆராயப்பட வேண்டும். வலிமை மிகுந்த எஃகில் சில மில்லிமீட்டர் நீளக் குறையே உயிருக்கு உலை வைக்கும் என்பதால் இத்துணை கண்டிப்பு. துண்டங்களை ஸ்ரீஹரிகோட்டாவில் ஒன்றோடொன்று சேர்க்கும் இடத்திலோ பற்றவைப்பே இல்லை; எரிபொருள் நிரம்பிய கூட்டின் அருகே மின்வில்லை யார் கொண்டு செல்வார்! நாக்கும் பள்ளமுமாகக் கடையப்பட்ட விளிம்புகளை முளைகளிட்டு இணைத்து, ரப்பர் வளையங்களால் கசிவைத் தடுக்கின்றனர். பற்றவைக்காமல் விடுவதும் தேர்வில் அடங்கியதே.

அலுமினியத்திற்கு வருவோர் எஃகில் கற்றவற்றில் பாதியை மறக்க வேண்டியிருக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகுகிறது. அதன் மேற்பரப்பில் எப்போதும் படிந்திருக்கும் ஆக்சைடு ஏடோ சுமார் 2,050 டிகிரி வரை உருகுவதில்லை. ஏட்டின் அடியில் உலோகம் உருகி ஓடும். இரு துண்டுகளும் சேராமலே நிற்கும். மாறுதிசை மின்னோட்டத்தில் டிக் முறையைப் பயன்படுத்தினால், மின்னோட்டத்தின் ஒரு பாதி அவ்வேட்டை உடைத்து அகற்றுகிறது; மறு பாதி உலோகத்தை உருக்குகிறது. அடுத்த தொல்லை நுண்துளைகள். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனைத் தாராளமாக உட்கொள்ளும். உறையும்போது அதனை வெளியே தள்ளும். வெளியேற நேரமில்லாத வாயு குமிழ்களாக உள்ளேயே நின்றுவிடும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறி ஈரம் சுமந்து வரும் திருவனந்தபுரத்தில் இது ஏட்டுப் பிரச்சினை அன்று. கலன்கள் பற்றவைக்கப்படும் கூடங்களில் காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைத்தாக வேண்டும். விளிம்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்த பின் காலம் தாழ்த்தாமல் வேலையை முடித்தாக வேண்டும்.

எந்த அலுமினியம் என்பது அதனினும் கடினமான கேள்வி. திரவ எரிபொருள் கட்டங்களின் கலன்களுக்கு நெடுங்காலம் பயன்பட்டது, துத்தநாகமும் மக்னீசியமும் கலந்த 7020 என்னும் கலவை. பற்றவைப்போர்க்கு இது விருப்பமானது. பற்றவைத்ததால் இழந்த வலிமையின் பெரும்பகுதியை, உலையின் உதவியின்றி, அறை வெப்பத்திலேயே சில வாரங்களில் இது மீட்டுக்கொள்ளும். பெரிய கலனை உலையில் வைக்க வேண்டாம் என்பது சிறிய சலுகையன்று. ஆனால் இதற்கு ஒரு மறைந்த பலவீனம் உண்டு: இழுவிசையும் அரிக்கும் சூழலும் ஒருசேர நீடித்தால் நாளடைவில் விரிசல் காணும். பற்றவைப்பு விட்டுச்செல்லும் இழுவிசையும் இதற்குத் துணை போகும்.

2013 ஆகஸ்ட் 19-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் ஜி.எஸ்.எல்.வி. டி-5 ஏவப்படவிருந்தது. நம் நாட்டிலேயே உருவான கடுங்குளிர் எந்திரம், முன்னர் 2010 ஏப்ரலில் தோல்வி கண்ட பின், மீண்டும் சோதனைக்கு வந்த நாள் அது. ஏவுவதற்கு 74 நிமிடங்கள் இருக்கையில் இரண்டாம் கட்டத்தின் எரிபொருள் கலனில் கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. ஏவுதல் நிறுத்தப்பட்டது, நச்சுத்தன்மை கொண்ட எரிபொருளை வடித்து, ஊர்தியைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நாடே காத்திருந்த கடுங்குளிர் எந்திரத்தில் யாதொரு குறையும் இல்லை. பல ஆண்டுகளாகப் பழகிய, ஐயம் எழாத ஒரு கலனே காலை வாரியது. ஆய்வில், 7020 கலவையின் மேற்கூறிய பலவீனமே காரணம் என்று தெரிந்தது. செம்பு சுமார் 6 விழுக்காடு கலந்த 2219 என்னும் அலுமினியக் கலவையால் ஆன கலனோடு புதிய இரண்டாம் கட்டம் உருவாக்கப்பட்டு, 2014 ஜனவரி 5-ஆம் நாள் ஜிசாட்-14 வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது.

2219 கலவையும் குறையற்றதன்று. அரிப்பு விரிசலை அது நன்கு எதிர்க்கும்; திரவ ஹைட்ரஜனின் கடுங்குளிரிலும் நொறுங்காது. ஆனால் பற்றவைத்த இடத்தில் ஏறத்தாழப் பாதி வலிமையை இழந்துவிடும்; 7020 போலத் தானாக மீளவும் செய்யாது. வடிவமைப்பாளர் இதற்குக் கண்ட வழி எளிமையானது. தடித்த தகட்டை எடுத்து, மூட்டு வரும் விளிம்புகளை மட்டும் தடிப்பாக விட்டு, ஏனைய பரப்பைக் கடைந்து மெலிதாக்குவர். பலவீனமான இடத்தில் உலோகம் மிகுதியாக நிற்கும். பெருமளவு அலுமினியம் சீவலாகப் போவது உண்மையே. ஆயினும் ஏவுமேடையில் ஒரு கசிவினால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது அற்பம்.

1991-இல் பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் உள்ள பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த 'உராய்வுக் கலப்பு' முறை இவ்விடத்தில் புது வழி திறந்தது. சுழலும் கடினமான முளை ஒன்று இரு விளிம்புகளுக்கு இடையே அழுந்தி நகர்ந்து, உலோகத்தை உருக்காமலே களிமண்ணைப் பிசைவது போல் பிசைந்து ஒன்றாக்குகிறது. உருகாத உலோகத்தில் வாயுக்குமிழுக்கு இடமேது? வலிமை இழப்பும் குறைவு. விக்ரம் சாராபாய் மையம் எரிபொருள் கலன்களின் தயாரிப்பில் அண்மைக் காலத்தில் இம்முறையை மேற்கொண்டுள்ளது. பெரும் விசையைத் தாங்கும் கனமான இயந்திரமும், விளிம்புகளை இம்மியும் அசையாமல் பிடிக்கும் அமைப்பும் வேண்டும் என்பதால், சிறு பட்டறைகளுக்கு இது இப்போதைக்கு எட்டாத தொலைவிலேயே உள்ளது.

டைட்டானியம் கேரளத்துக்கு நெருக்கமான உலோகம். சவறைக் கடற்கரையின் கருமணலில் உள்ள இல்மனைட்டே அதன் மூலம். திருவனந்தபுரத்தில் நெடுங்காலம் அதிலிருந்து வெள்ளை வர்ணப் பொடியே செய்யப்பட்டு வந்தது. விண்வெளித் துறையின் நிதியுதவியோடு சவறையில் கேரளக் கனிம உலோக நிறுவனத்தின் டைட்டானியப் பஞ்சு ஆலை 2011-இல் தொடங்கப்பட்ட பிறகே அம்மணல் உலோகமாகும் வழி இங்கேயே அமைந்தது. இந்த உலோகத்தின் இயல்பு விந்தையானது. குளிர்ந்த நிலையில் கடல்நீரும் இதனை ஒன்றும் செய்யாது. 500 டிகிரி அளவுக்குச் சூடேறினாலோ காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் குடித்து நொறுங்கத் தொடங்கும். ஆகவே மின்வில்லின் கீழ் மட்டும் ஆர்கான் பாய்ச்சினால் போதாது; கடந்து வந்த மூட்டு ஆறும் வரையில் பின்னாலும், தகட்டின் மறுபுறத்திலும் ஆர்கான் போர்த்தி நிற்க வேண்டும். வேலையின் தரத்தை நிறமே சொல்லிவிடும். வெள்ளிப் பளபளப்பு நன்று, வைக்கோல் மஞ்சள் ஏற்கத்தக்கது, நீலம் ஐயத்திற்குரியது, சாம்பல் வெண்மை கண்டால் வெட்டி எறிய வேண்டும்.

உயரழுத்த வாயுக் குடுவைகளை இரு அரைக்கோளங்களாக அடித்துருவாக்கி நடுவே இணைப்பதற்கு, வெற்றிடத்தில் இயங்கும் எலக்ட்ரான் கற்றை முறை பயன்படுகிறது. வெற்றிடத்தைவிடச் சிறந்த காப்பு வாயு ஏது? கற்றை ஊசி போல் நுழைவதால் வெப்பம் தாக்கிய பட்டையும் மிகக் குறுகியது. எனினும் டைட்டானியத்தை எஃகோடு நேரே உருக்கிச் சேர்க்க எம்முறையாலும் இயலாது; இடையில் உண்டாகும் சேர்மம் பிஸ்கட்டைப் போல் உடையும். செம்பும் எஃகும் சேர வேண்டிய கடுங்குளிர் எந்திரத்தின் எரியறையிலும் உருக்குவதைத் தவிர்த்து, வெற்றிட உலையில் நிரப்புலோகத்தை மட்டும் உருக்கிப் பற்றாசு வைக்கும் முறையே கைக்கொள்ளப்படுகிறது.

இவ்வளவும் ராக்கெட் கட்டுவோர் கவலை என்று சிறு பட்டறையினர் ஒதுக்கிவிடலாம். ஆனால் விழிஞ்ஞத்து மீன்பிடி படகின் விரிசல் விட்ட வார்ப்பிரும்பு எந்திரப் பகுதியும் இதே விதிகளுக்கே கட்டுப்பட்டது. சாதாரண எஃகு ராடைக் கொண்டு அதனைப் பற்றவைத்தால், வார்ப்பிரும்பின் மிகுந்த கரி மூட்டுக்குள் கலந்து அங்கேயே மீண்டும் பிளக்கும். நிக்கல் ராடைக் கொண்டு சிறு சிறு துணுக்குகளாக இட்டு, சூட்டிலேயே சுத்தியால் மெல்லத் தட்டி, மெதுவாக ஆறவிட வேண்டும். அல்லது வெண்கலப் பற்றாசு வைக்கலாம். எவர்சில்வர் பாத்திரத் தொழிலில் எஃகுத் தூரிகையால் தேய்த்துவிட்டு மூட்டு துருப்பிடிக்கிறது என்று உலோகத்தைப் பழிப்பவரும் உண்டு. தூரிகையின் இரும்புத் துணுக்குகளே அங்கு துருவாகின்றன.

1975-இல் திருச்சியில் நிறுவப்பட்ட பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் போன்றவை தொழிலாளரையும் பொறியாளரையும் பயிற்றுவிக்கின்றன. அங்கு தேர்ச்சி பெற்றவர் எவரும் புதிய உலோகம் வந்தால் நேரே வேலையில் இறங்குவதில்லை. முதலில் ஆலைச் சான்றிதழில் உள்ள கலவையைப் படிப்பார். அதே தகட்டின் இரு துண்டுகளை உத்தேசித்த முறையில் பற்றவைப்பார். ஒன்றை வளைத்தும் ஒன்றை இழுத்தும் பார்ப்பார். மின்னோட்டம், வேகம், கம்பி, வாயு ஆகியவற்றைக் குறித்து வைப்பார். இதற்கு ஆகும் செலவு இரண்டு துண்டுத் தகடும் அரை நாள் கூலியும். சிறு பட்டறைகளிலும் இதனைச் செய்யத் தடையில்லை. ஹைட்ரஜன் குறைந்த வகை ராடுகளை ஆடி மாத மழையில் திறந்த பெட்டியில் வைக்காமல், உற்பத்தியாளர் குறித்த வெப்பத்தில், பெரும்பாலும் 300 டிகிரிக்கு மேல், ஓரிரு மணி நேரம் உலர்த்தி, சூடான குடுவையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்துவதற்கு ஒரு சிறு மின் அடுப்பே போதும்.